பட்டிக்குக் கீழே தகரம்

ஆகஸ்ட் 2, சனி

மச்சான் கல்முனைப் பக்கமிருந்து வாங்கிவந்த நிஸான் சனி, எஃப்.பி. 14, இன்று வரிப்பத்தான்சேனை கராஜுக்கு வந்து சேர்ந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஜப்பானில் செய்த வண்டி. இடது பின்கதவிலும் அதை அடுத்த மட்காட்டிலும் பெயின்ட் வெடித்திருக்கிறது. "வெடிச்ச காரை என்னத்துக்கு எடுத்தீங்க?" என்று பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். வெடிப்புள்ள கார் தன் நோயைத் தானே சொல்லிவிடும், விலையிலும் கொஞ்சம் இறங்கிவரும். முப்பது வயதில் முழு உடம்பும் பளபளக்கிற கார்தான் எனக்குப் பயம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் ரூபாய் சரிந்தது. ஓட்டித் தேய்த்த காரை வாங்கிய விலைக்கு மேலே வைத்து விற்ற காலம் அது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தாலும் வரியைக் கூட்டிப் பார்த்தால் புதுக்கார் எங்கள் கைக்கு எட்டாது. ஆகவே பழையது கைமாறிக்கொண்டே இருக்கிறது. கைமாறும் ஒவ்வொரு முறையும் விற்கிறவர் ஒரு கோட் பெயின்ட் அடித்துக் கொடுக்கிறார். அந்தப் பெயின்டுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்பது அடுத்தவர் பாடு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

டிங்கர் காக்கா வேலை தொடங்குமுன் காரைச் சுற்றி விரல் மடக்கித் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் தகரம் 'டங்' என்றது. கதவின் நடுவில் சத்தம் செத்துப்போனது. துணி சுற்றிய சின்னக் காந்தத்தை அங்கே வைத்தார். ஒட்டாமல் வழுக்கி விழுந்தது.

வெடிப்பு எல்லாம் ஒரே வெடிப்பு அல்ல என்பதை அவரிடம் பார்த்துத்தான் கற்க வேண்டும். மேற்பரப்பில் மட்டும் மயிரிழை மயிரிழையாகப் பரந்திருந்தால், பழைய பெயின்டைக் கழற்றாமல் மேலே மேலே அடித்த கனம் அது. ஒரு திட்டைச் சுற்றிக் கோடு மட்டும் எழும்பியிருந்தால், பட்டியின் ஓரத்தைப் பழைய பெயின்டுக்கு மேல் இழுத்துவிட்டிருக்கிறார்கள். நேர்கோடாக ஓடினால் அதற்கடியில் இரண்டு தகரம் சேரும் பொருத்து இருக்கும், கறளும் இருக்கலாம். எங்கள் மட்காட்டில் இருப்பது நேர்கோடு. கதவில் இருப்பதோ ஒரு புள்ளியிலிருந்து நாலு திசைக்கும் கிளம்பிய வெடிப்பு.

அவர் கதவை உள்ளங்கையால் அமுக்கினார். 'டொக்' என்று உள்ளே போய், விட்டதும் 'டொக்' என்று வெளியே வந்தது.

"இது பெயின்ட் வெடிச்சதில்ல தம்பி. உள்ளுக்குத் தகரம் ஆடுது. ஆடுறதுக்கு மேல எந்தப் பட்டியப் போட்டாலும் நிக்காது."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கிரைண்டர் போட்டார்கள். வெள்ளைத் தூள் கராஜ் முழுக்க. முதலில் பெயின்ட், பிறகு பிறைமர், பிறகு இன்னொரு பெயின்ட், அதற்கடியில் மஞ்சள் பட்டி, அதற்கும் அடியில் வேறு ஒரு காலத்துச் சாம்பல் பட்டி. கதவின் நடுவில் சின்ன விரல் தடிப்புக்கு அது இருந்தது. கார்க் கதவின் தகரமே ஒரு மில்லிமீற்றருக்குக் குறைவு.

இந்தப் பட்டி பொலியெஸ்டர் பிசினும் ரல்க் கல்மாவும் சேர்ந்த கலவை. 1950களில் அமெரிக்க கராஜ்களில் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் பள்ளங்களை ஈயம் உருக்கித்தான் நிரப்பினார்கள். நல்ல சாமான்தான், இரண்டு மூன்று மில்லிமீற்றருக்குள் நின்றால். வெயிலில் அது தகரத்தைவிட அதிகமாக விரியும், இரவில் அதிகமாகச் சுருங்கும். தகரம் வளைந்து கொடுக்கும், பட்டி வளையாது. கதவை ஒவ்வொரு தரம் அடித்துச் சாத்தும்போதும் இரண்டுக்கும் நடுவில் இழுபறி. தடிப்பு கூடக்கூட இழுபறியும் கூடி, ஒரு நாள் வெடிக்கும். வெடித்த கீறலில் தண்ணீர் இறங்கினால் ரல்க் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அடியில் கறள் தொடங்கும். கடற்கரையில் நின்ற வண்டி என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும்.

மட்காட்டில் அதுதான் நடந்திருந்தது. பொருத்துக்குப் பக்கத்தில் ஸ்குரூட்ரைவர் முனை நேரே உள்ளே போய்விட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று முழுக்கச் சுத்தியல் சத்தம். கதவின் உள்மட்டையைக் கழற்றி, உள்ளே டொலி என்கிற இரும்புக் கட்டையைப் பிடித்து வெளியே தட்டினார். அடிபட்ட தகரம் பள்ளமாகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். அது நீளவும் செய்கிறது. நீண்ட தகரத்துக்கு இருக்க இடம் போதாது, அதனால்தான் உள்ளும் வெளியுமாகத் துள்ளுகிறது. அதைத் தட்டித் தட்டிச் சரிப்படுத்த முடியாது, தட்டினால் இன்னும் நீளும். சுருக்க வேண்டும். காஸ் நெருப்பில் நாணயத்தைவிடச் சிறிய ஒரு வட்டத்தைச் சிவக்கவைத்து, மெல்லத் தட்டி, ஈரத்துணியை வைத்தார். 'சுர்' என்று ஆவி கிளம்பியது. தகரம் இறுகியது. பிறகு இன்னோர் இடம். மத்தியானத்துக்குப் பிறகு அமுக்கிப் பார்த்தேன், துள்ளவில்லை.

ஒரு நாள் கூலி இதற்கே போயிற்று. கார் பார்க்கவோ முன்னைவிட அசிங்கமாக இருக்கிறது. மச்சானின் முகம் அவ்வளவு நன்றாக இல்லை. ஊரில் பெயின்ட் அடிப்பவரைத்தான் கைகாரர் என்பார்கள், கடைசியில் கண்ணுக்குத் தெரிவது அவர் வேலைதானே. டிங்கர்காரரின் திறமை, எவ்வளவு பட்டி தேவைப்படாமல் போயிற்று என்பதில் இருக்கிறது. தேவைப்படாத பட்டிக்கு யார் காசு கொடுப்பார்?

மட்காட்டில் கறள் பிடித்த துண்டை வெட்டி எறிந்து, புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்தார்கள். இரண்டையும் போனில் படம் எடுத்து வைத்தேன், வெற்றுத் தகரமாகவே.

ஆகஸ்ட் 9, சனி

நேற்று ஜும்ஆ, போயாவும். கராஜ் பூட்டு.

பட்டி குழைப்பதைப் பார்ப்பது சுவாரசியம். ஹார்ட்னர் நிறையில் நூற்றுக்கு இரண்டு அளவு போதும். இந்த வெக்கையில் குழைத்த சில நிமிடத்தில் கல்லாகிவிடும். கொஞ்சம் கூடினால் ஊசித்துளைகள் விழும், பின்னாளில் மேலே நிறமும் ஊறும். உதவிக்கு நிற்கும் பொடியன் தண்ணிப் பேப்பரை எடுத்தபோது காக்கா கையைப் பிடித்தார். "மனே, பட்டிக்குத் தண்ணி காட்டப்படா. காஞ்ச பேப்பரால தேய்." எண்பதில் தொடங்கி நூற்றெண்பது, முந்நூற்றிருபது. தண்ணிப் பேப்பர் பிறைமர் அடித்த பிறகுதான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பெயின்ட் அடிக்க முடியவில்லை. கச்சான் காற்று காய்ந்து அடிக்கிறது. பக்கத்து வயலில் சிறுபோக வெள்ளாமை வெட்டும் மெசின், வைக்கோல் தூள் வானமெல்லாம். ஸ்ப்ரே கன்னிலிருந்து கிளம்பும் பெயின்ட் தகரத்தில் விழுமுன்னே தின்னர் பறந்து, மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். மாரியில் இதற்கு நேர்மாறு, ஈரம் பிடித்து லாக்கர் வெளுத்துப்போகும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சுபஹுக்குப் பிறகு காற்று எழும்புமுன் தொடங்கினார்கள். தரைக்குத் தண்ணீர் தெளித்து, தார்ப்பாய் இழுத்துக் கட்டி. நிறம் பொருத்துவது தனித் தொல்லை: கம்பனிக் குறியீட்டின்படி கலந்தால் வருவது புதுக்காரின் நிறம், இந்தக் காரோ முப்பது வருடம் வெயிலில் நின்றது. பெயின்ட் பாஸ் கண்ணால்தான் பொருத்தினார். கதவின் விளிம்பில் நிறுத்தாமல் முன்கதவுக்குள்ளும் கொஞ்சம் மங்கலாக இழுத்துவிட்டார்.

எனக்குச் சரியாகப் படாதது ஒன்று. அவர் மூக்கில் கட்டியிருந்தது ஒரு லேஞ்சி. டூ-கே பெயின்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதற்குத் துணி ஒரு தடையே அல்ல, ஆஸ்துமா வாழ்நாளுக்கும் ஒட்டிக்கொள்ளும். சொன்னேன். "பழகிட்டு" என்றார். இது பழகுகிற சாமான் இல்லை. பழகப் பழக உடம்பு இன்னும் மோசமாக எதிர்க்கும். மாஸ்க்குக்கு வேறாகக் காசு தருகிறேன் என்றதும் சிரித்தார். வாங்குவாரோ தெரியாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கார் வீட்டு வாசலில் நிற்கிறது. கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளைப் பழைய பட்டி அடைத்திருந்தது. காக்கா கம்பியால் குத்தித் திறந்துவிட்டார். பொலிஷ் இன்னும் போடவில்லை. பெயின்ட் நன்றாகக் காயட்டும் என்கிறார்.

அஸருக்குப் பிறகு ஒருவர் வந்து விலை கேட்டார், மச்சான் விற்கப்போவதாக யாரோ சொன்னார்களாம். சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஒரிஜினல் பெயின்டா?" என்றார். மச்சான் என்னைப் பார்த்தார். இடது பின்கதவும் மட்காட்டும் பூசினது என்று சொல்லி, போனை எடுத்து வெற்றுத் தகரத்தின் படங்களைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு முன்கதவைக் காட்டிக் கேட்டார்: "இதுக்குப் படம் இல்லயா?"