முழுசும் குருணையும்

"முழுசு வேணுமா, பாதியா?"

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகிற வழியில், காடாம்புலியூரில் வண்டியை நிறுத்துகிறவர்களிடம் முந்திரிக் கடைக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். எனக்குக் குருணை போதும் என்றேன். அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"பாயசத்துக்கா?"

"இல்லைங்க, அரைக்க."

என் மகள் ஆறு மாதமாகப் பால், தயிர், முட்டை எதையும் தொடுவதில்லை. அவள் வீட்டுக்கு வந்தால் வெள்ளரி, கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் பச்சையாகவே தட்டில் ஏறும். அதன்மேல் ஊற்ற மயோனைஸ் போல வழவழப்பாக ஏதாவது வேண்டும். பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுத் தடை போட்ட பிறகு முட்டையில்லாத பாட்டில்கள் நிறைய வந்தன. நான் வாங்கியதைத் திருப்பிப் பார்த்தால் பால்பொடி இருந்தது. சரி, முந்திரியில் நாமே செய்வோம் என்று இறங்கினேன். ஊறவைக்காமல், தண்ணீரை ஒரேயடியாக ஊற்றி மிக்ஸியை ஓட்டினேன். ஒரு வாய் வைத்தவள், "அம்மா, இது மணல்" என்று தட்டைத் தள்ளிவிட்டாள்.

இதையெல்லாம் கடைக்காரரிடம் சொல்லப்போய், அவர் சிரித்துவிட்டு, "பின்னாடி போய்ப் பாருங்க, உடைக்கிறாங்க" என்று வழிகாட்டினார்.

தகரக் கூரை போட்ட கொட்டகை. எல்லாரும் பெண்கள். வாசலில் அடுக்கியிருந்த மூட்டைகள் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தவை. சுற்றிலும் முந்திரித் தோப்பை வைத்துக்கொண்டு ஏன் இப்படி என்று கேட்டேன். உள்ளூர்க் கொட்டை வருஷம் முழுக்க வேலைக்குப் பத்தாதாம். பேச்சு 'தானே' புயலுக்குப் போனது. 2011 டிசம்பர் 30 காலையில் அது கரையேறியபோது கடலூர் மாவட்டத்து முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்தன. "மரம் கெடந்த கெடையப் பாத்துட்டு எங்க மாமனாரு மூணு நாளு சாப்புடல" என்றார் ஓர் அக்கா. சொல்லும்போதும் அவருடைய கால் மிதியைவிட்டு இறங்கவில்லை.

அவர் உட்கார்ந்திருந்த மெஷினில் எதிரெதிரே இரண்டு வளைந்த கத்திகள். நீராவியில் வெந்து, ராத்திரி முழுக்க ஆறிய கொட்டையை நடுவில் வைக்கிறார். காலால் மிதிக்கிறார், கத்திகள் நெருங்கி ஓட்டைக் கவ்வுகின்றன. கைப்பிடியை ஓர் இழுப்பு. ஓடு இரண்டாகப் பிளக்கிறது. எதிரே இருந்த பெண் கம்பி முனையால் நெம்பிப் பருப்பைத் தட்டில் போடுகிறார். எல்லாம் நான் ஒரு மூச்சு விடுவதற்குள்.

"கத்தி கொட்டையோட இடுப்புல உக்காரணும்மா. ஒரு நூலு தள்ளிப்போனா பருப்புல பாஞ்சிரும்."

பாய்ந்தால் நஷ்டம். முந்திரி வியாபாரத்தில் 180, 210, 240, 320 என்று எண்களைச் சொல்லித்தான் விலை பேசுகிறார்கள். ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, ஏறக்குறைய எத்தனை பருப்பு நிற்கும் என்ற கணக்கு அது. எண் சின்னதானால் பருப்பு பெரிது, விலையும் பெரிது. உடைந்ததற்கு இந்த எண்கள் கிடையாது. இவர்களுக்குக் கூலி கிலோக் கணக்கில். உடைசல் கூடினால் பேச்சு கேட்க வேண்டும்.

அவருடைய கையைக் காட்டச் சொன்னேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்து, ரேகை மழுங்கிக் கிடந்தன. சில இடங்களில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக எட்டிப் பார்த்தது. முந்திரி ஓட்டுக்குள் தேன்கூட்டு அறைகள் போல இருக்கும். அவற்றில் நிற்கிற எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். மாங்காய்ப் பால் பட்டு உதட்டோரம் வெந்துபோன அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. மாவும் முந்திரியும் ஒரே குடும்பம்தான், ஆனால் இது பெரியண்ணன். பெயின்டுக்கும் வண்டியின் பிரேக் லைனிங்குக்கும் போகிற எண்ணெய். விளக்கெண்ணெய் தடவி, சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைக்கிறார்கள். கையுறை? "போட்டா கொட்டை நிக்க மாட்டுது. கிலோ கொறையுது."

கிலோ குறையாமல் கையும் வேகாமல் இருக்க ஒரு வழியை இத்தனை வருஷத்தில் யாரும் யோசிக்கவில்லையா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

உடைத்த பருப்பு அடுத்து சூட்டறையில் பல மணி நேரம் காய்கிறது. பிறகுதான் செந்தோல் உரியும். 'பச்சை முந்திரிதான் வாங்கணும்' என்று மகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆவியில் வெந்து அனலில் காய்ந்த இதில் பச்சை எங்கே இருக்கிறது? வறுக்காதது என்று சொன்னால் சரி.

குருணை வாங்கியது எதற்கு என்று கேட்டார்கள், சொன்னேன். கொட்டகையே சிரித்தது. "உடையக் கூடாதுன்னு நாங்க உசுரக் குடுக்குறோம். நீ போயி மாவா ஆட்டப் போறியா?"

ஆட்டத்தான் செய்தேன். ஒரு கப் குருணையை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்தேன். சட்னி ஜாரில் பருப்போடு ஒரு பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி கடுகுத்தூள், உப்பு, கால் கப் தண்ணீர் மட்டும். கெட்டியாக இருந்தால்தான் துணுக்குகள் பிளேடில் மாட்டும். தண்ணீர் மிஞ்சினால் நீந்தித் தப்பித்துவிடும். நான் முதலில் செய்த தப்பு அதுதான். தேங்காய்ச் சட்னிக்குத் தெரிந்த விஷயம் இதற்கு மறந்துபோனது. ஓரத்தை வழித்துவிட்டு மூன்று முறை ஓட்டினேன். இரு விரலுக்கிடையே தேய்த்தபோது வெண்ணெய் போல நழுவியது. அதன்பிறகு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, இன்னும் அரைக் கப் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக, கடைசியில் மிளகு. முந்திரியில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பு, நூற்றில் இருபதுக்கு மேல் மாவுச்சத்து. குருமா கெட்டிப்படுவதும் இதனால்தான். பிரிட்ஜில் வைத்தால் இறுகும், ஒரு கரண்டி தண்ணீர் விட்டுக் கலக்கினால் போதும். மகள் கரண்டியை நக்கினாள்.

அடுத்த வாரம் ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு போனேன். அந்த அக்காவிடம் நீட்டினால் கையை விரித்துக் காட்டினார்.

"கையால தொட்டா வாயி வெந்துரும். நீயே ஊத்து."

அண்ணாந்தார். ஸ்பூனால் ஊற்றினேன். கண்ணை மூடி, நாக்கைச் சுழற்றி, யோசித்தார்.

"குருமாவ ஆற வெச்ச மாதிரி இருக்கு. காரமே இல்லியே, பச்சமொளகா போட மாட்டியா?"

எதிரே இருந்த பெண் எனக்கும் என்று வாயைத் திறந்தார். அக்கா அடுத்த கொட்டையை எடுத்துக் கத்திக்கு நடுவில் வைத்தார்.