மாதக் குத்தகை

என் மேசையின் இடப்புறம் ஒரு என்லார்ஜர் நிற்கிறது. உத்தமபாளையத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த என் தாய்மாமா 1983-ல் மதுரையில் வாங்கியது. 2006-ல் அவர் கடையை மூடியபோது அது என்னிடம் வந்து சேர்ந்தது. போன பொங்கலுக்குத் தூசு தட்டி, பல்பு மாற்றிச் சொருகிப் பார்த்தேன். எரிந்தது. அதை விற்ற கடை இன்று இல்லை. செய்த நிறுவனம் இருக்கிறதா என்பதும் தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசியம் இந்த நாற்பது ஆண்டுகளில் மாமாவுக்கும் நேரவில்லை, எனக்கும் நேரவில்லை.

வலப்புறம் கணினி. சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள் காலையில், பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பையன் வந்து வாசலில் நின்றான். அவனுடைய அம்மா இறந்து பத்து நாள் ஆகியிருந்தது.

"அண்ணே, எங்க ஆத்தா போட்டோ ஒண்ணு நீங்க எடுத்தீங்களே, வீரபாண்டித் திருவிழாவுல... வேற நல்ல படமே இல்லண்ணே. பதினாறாம் நாள் காரியத்துக்கு மாட்டணும்."

எனக்கு நன்றாக நினைவிருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன், சித்திரை மாத இரவில், கௌமாரியம்மன் கோயிலுக்குத் தீச்சட்டி ஏந்தி வந்தவளை எடுத்த படம். முகத்தின் ஒரு பாதியில் நெருப்பின் வெளிச்சம், மறுபாதி இருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து கண்ணையும் கன்னத்தையும் மெல்ல மெல்ல மீட்டெடுக்க ஒரு முழு மாலை உட்கார்ந்திருந்தேன். திரையில் பார்க்கும் அளவுக்குச் சிறிய பிரதி ஒன்று மட்டும் எடுத்து வைத்திருந்தேன். சுவரில் மாட்டும் அளவுக்கு அது பெருகாது. மூலத்தைத் திறந்து, பின்னால் நிற்கும் கூட்டத்தைக் கொஞ்சம் மங்கலாக்கிப் பெரிதாக எடுக்க வேண்டும். அரைமணி நேர வேலை.

மென்பொருள் திறந்தது. ஆனால் திருத்தும் பகுதி முழுவதும் சாம்பல் நிறத்தில் உறைந்து கிடந்தது. சந்தா முடிந்துவிட்டதாம். புதுப்பிக்க இங்கே அழுத்தவும்.

எந்த நிறுவனத்தின் மென்பொருள் என்பது இங்கே வேண்டாம். இன்று பல நிறுவனங்களின் நடைமுறை இதுதான். முடிந்தது எனக்கும் தெரியும்; வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியிலும் இல்லை. எங்கள் பக்கத்துப் புகைப்படக்காரனுக்கு ஆண்டின் வருமானம் முகூர்த்த நாட்களில் வந்து குவிந்து, மற்ற நாட்களில் வற்றிவிடும். வாடகைக்கோ பஞ்சாங்கம் கிடையாது. அன்று அதைக் கட்டி, அதன்மேல் 18 சதவீத வரியையும் கட்டி, படத்தைத் திறந்து கொடுத்தேன். பையனிடம் காசு வாங்கவில்லை. பணம் ஒரு பெரிய தொகையும் அல்ல. என்னை உறுத்தியது வேறு. அந்த ஒரு மாலையின் உழைப்பு என்னுடையது என்றே அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

படத்தைத் திருத்துகிறோம் என்கிறோமே தவிர, இத்தகைய மென்பொருள்களில் மூலப்படம் மாறுவதில்லை. எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம், எங்கே எவ்வளவு நிறம் என்ற குறிப்புகள் மட்டுமே சேமிக்கப்படுகின்றன. சமையல் குறிப்பு போல. அரிசியும் பருப்பும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. குறிப்பும் என் கைப்பட எழுதியதுதான். ஆனால் அதை முழுதாகப் படித்துச் சமைக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர், அவர் மாதச் சம்பளக்காரர்.

குத்தகை எங்களுக்குப் புதிதல்ல. சொல்லப்போனால் இந்தப் பள்ளத்தாக்கே ஒரு குத்தகையின் மேல்தான் பச்சையாக இருக்கிறது. 1886 அக்டோபரில் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஏறத்தாழ 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், 999 ஆண்டுகள். 1895-ல் பென்னிகுயிக்கின் அணை திறந்து தண்ணீர் கிழக்கே இறங்கியது. 1970-ல் இரண்டு அரசுகளும் பேசி அந்த 5 ரூபாயை 30 ரூபாயாக்கின. அதன் நியாய அநியாயங்கள் குறித்த வழக்கும் வாதமும் இன்னும் ஓயவில்லை. ஆனாலும் அது தாளில் எழுதப்பட்டிருக்கிறது. மாற்ற வேண்டுமானால் இரண்டு தரப்பும் உட்கார வேண்டும்.

திராட்சைப் பந்தலைக் குத்தகைக்கு எடுப்பவரும் காலம் முடிந்ததும் தோட்டத்தை விட்டு வெளியேறுகிறார்தான். ஆனால் பறித்த பழம் அவருடையது. வீட்டை ஒத்திக்குப் பிடிப்பவர் வெளியேறும்போது கொடுத்த பணம் முழுதாகத் திரும்பி வருகிறது. மாதச் சந்தாவில் இந்த இரண்டும் இல்லை. தோட்டத்தை விட்டு வெளியேறினால், போன வருடம் பறித்த பழத்தையும் தொட முடியாது.

இது எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2013 மே மாதத்தில் அடோபி நிறுவனம் போட்டோஷாப் உள்ளிட்ட தன் மென்பொருள்களின் புதிய பதிப்புகளை இனிச் சந்தாவுக்கு மட்டுமே தருவதாக அறிவித்தது. 2012-ல் வந்த சி.எஸ். 6 தான் அந்த வரிசையில் ஒரே விலை கொடுத்து வாங்கக்கூடிய கடைசிப் பதிப்பு. புகைப்படக்காரர்களின் லைட்ரூம் இன்னும் சில ஆண்டுகள் தப்பியிருந்தது. 2015-ல் வெளிவந்த ஆறாம் பதிப்போடு, 2017-ல் அந்தக் கதவும் மூடியது. 2024 ஜூனில், ஆண்டு ஒப்பந்தத்தை இடையில் முறிப்பவர்களிடம் வாங்கும் கட்டணத்தைத் தெளிவாகச் சொல்லாமல் மறைத்ததாக அமெரிக்க அரசு அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 2025 ஜனவரியில் புகைப்படக்காரர்களுக்கான மிகக் குறைந்த விலைத் திட்டம் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே இருப்பவர்களில் மாதாமாதம் கட்டுவோருக்கு அமெரிக்க விலை 9.99 டாலரிலிருந்து 14.99 ஆனது, ஆண்டுத் தொகையை மொத்தமாக முன்கூட்டியே கட்டுவோருக்குப் பழைய விலையே நீடித்தது. கையில் மொத்தமாகப் பணம் இருப்பவனுக்குச் சலுகை, இல்லாதவனுக்கு உயர்வு. உழவர் சந்தைக்கு வெளியே கந்துவட்டிக்கு வாங்கி விற்கும் கிழவிக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் குறையைச் சொல்லும் தகுதி எங்களுக்கு உண்டா என்பது வேறு கேள்வி. நான் பார்த்தவரை எங்கள் வட்டாரத்து ஸ்டூடியோக்களில் 2002-ன் போட்டோஷாப் 7 இல்லாத கணினி கிடையாது. அதைக் காசு கொடுத்து வாங்கியவரையும் நான் சந்தித்ததில்லை. மதுரையிலிருந்து ஒரு குறுந்தகடு வரும். அதிலிருந்து கம்பம், சின்னமனூர், போடி என்று பிரதிகள் பரவும். எத்தனை கல்யாண ஆல்பங்கள் அந்த ஒரு தகட்டின் தயவில்! பெட்டியில் விற்ற காலத்தில் அதன் விலை எங்கள் ஓராண்டுக் கடை வாடகையைத் தாண்டும் என்பது காரணமே தவிர நியாயம் அல்ல. மாதச் சந்தா வந்த பிறகுதான் என்னைப் போன்ற சிலர் முதன்முதலாக நேர்வழிக்கு வந்தோம் என்பதும் உண்மை. சிறு தொகையில் நுழைய முடிந்தது. நுழைவாயில் அவ்வளவு அகலமாக இருந்ததால் வெளியேறும் வழியைப் பார்க்கத் தோன்றவில்லை.

பையன் படத்தை வாங்கிக்கொண்டு போன அன்று மாலை மாமாவிடம் இதையெல்லாம் புலம்பினேன். அவர் வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நாம மட்டும் என்னடா செஞ்சோம்? நெகட்டிவ யாருக்காச்சும் குடுத்திருக்கோமா?"

சுருக்கென்றது. உண்மைதான். படத்துக்குக் காசு கொடுத்தவருக்கு அட்டையில் ஒட்டிய பிரதிதான் கிடைக்கும். நெகட்டிவ் ஸ்டூடியோவில் இருக்கும். இன்னொரு பிரதி வேண்டுமானால் இன்னொரு முறை வந்து, இன்னொரு முறை காசு கொடுக்க வேண்டும். ஊரின் முகங்களெல்லாம் மாமாவின் மர அலமாரியில், எண் எழுதிய காகித உறைகளில் அடைபட்டிருந்தன. அவரும் ஒரு வகையில் குத்தகைக்கு விட்டவர்தான்.

ஆனால் 2006-ல் கடையை மூடும்போது அவர் செய்ததையும் நான் உடனிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு மாதம் முழுவதும் கடை வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் அவரவர் உறையைத் தேடி எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. வராதவர்களில் தெரிந்தவர்களின் வீட்டுக்கு என்னைச் சைக்கிளில் அனுப்பினார். மிஞ்சியது ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இன்னும் அவர் கட்டிலுக்கடியில் இருக்கிறது.

இதற்கு ஒப்பான ஒன்றை அடோபியும் ஒருமுறை செய்திருக்கிறது. 2005-ல் வந்த சி.எஸ். 2-க்கு அனுமதி வழங்கும் கணினிகளை நிறுத்தியபோது, 2013 ஜனவரியில், ஏற்கெனவே வாங்கியவர்கள் அனுமதி கேட்காமலே பயன்படுத்தக்கூடிய பதிப்பை வெளியிட்டது. விற்றதற்குக் கடன்பட்டிருந்தார்கள், தீர்த்தார்கள். வாடகைக்கு விடுபவர்களுக்கு அப்படி ஒரு கடனே இல்லை என்பதுதான் இந்தப் புதிய ஏற்பாட்டின் சாரம் என்று தோன்றுகிறது.

அந்த மாத வாடகை வீணாகக் கூடாது என்று மீதி நாட்களில் ஒரு வேலை செய்தேன். என் பத்தாண்டுப் படங்களில் தேறியவற்றை, திருத்தங்கள் நிலைத்த முழு அளவுப் பிரதிகளாக எடுத்து இரண்டு வன்தட்டுகளில் நிரப்பினேன். சுருளிச் சாரல், கூடலூர் நாற்றங்கால், ஏலக்காய்க்குப் போடிமெட்டு ஏறும் ஜீப்புகள் நிறைய முகங்களோடு. மாதம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. இப்போது டார்க்டேபிளில் வேலை செய்கிறேன். இலவசமானது, மூலநிரல் திறந்தது, 2009-லிருந்து ஆர்வலர்கள் வளர்த்து வருவது. பழைய திருத்தங்களை அது முழுதாகப் படிப்பதில்லை. கை பழக ஆறு மாதம் ஆயிற்று. சில நிறங்கள் இன்னும் வசப்படவில்லை.

வேறு நண்பர்கள் அஃபினிட்டியை நம்பினார்கள். ஒரே விலை, வாங்கினால் சொந்தம் என்பதே அதன் பெருமை. 2024-ல் அதைக் கேன்வா நிறுவனம் வாங்கியது. 2025 அக்டோபரில் இலவசமாக்கியது. நண்பர்கள் மகிழ்ந்தார்கள். எனக்கு மாமாவின் அலமாரிதான் நினைவுக்கு வந்தது. இலவசம் என்பதும் சொந்தம் அல்லவே.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். மாலைக்குள்ளிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி நெருப்பு, பாதி நான் மீட்டெடுத்த இருட்டு. இனி அந்தப் படத்தைத் திறக்க யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. காகிதத்துக்கு வந்துவிட்டது.