வானூர்தியின் செவி

அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்னும் ஊர் உண்டு. அவ்வூரில் வாழ்ந்த வால்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டையர் 1937ஆம் ஆண்டில் அரிய செயல் ஒன்றைச் செய்து முடித்தனர். ஆள் ஏறாத சிறு வானூர்தி ஒன்றைத் தரையில் நின்றவாறே வானொலி அலைகளால் ஏவி, வேண்டிய திசையில் திருப்பிப் பறக்கவிட்டனர். 'கஃப்' என்று அவர்கள் பெயரிட்ட அவ்வூர்தி பின்னாளில் ஸ்மித்சோனியன் காட்சிச்சாலையைச் சென்றடைந்தது. இருவருள் வால்டர் மாதிரி வானூர்தி கட்டுவதில் கைதேர்ந்தவர். வில்லியம் வானொலிக் கலையில் ஈடுபட்டவர். ஒருவர் சிறகு செய்தார். மற்றவர் செவி செய்தார்.

செவி என்றது உவமை. தரையில் நிற்பவர் கையிற் பிடித்திருக்கும் கருவிக்கு அனுப்பி என்று பெயர். பறக்கவிடுவோர் அதனை டிரான்ஸ்மிட்டர் என்பர். ஊர்தியின் வயிற்றினுள் அமர்ந்திருக்கும் சிறு கருவி ஏற்பி. அதனை ரிசீவர் என்பர். அனுப்பியிலுள்ள கோலை விரலால் அசைத்தால் அவ்வசைவு வானொலி அலையில் ஏறிச் செல்லும். ஏற்பி அதனைக் கேட்டு, பொருள் உணர்ந்து, சர்வோ என்னும் சிறு மின்பொறிகளுக்கு ஆணையாகத் தரும். அப்பொறிகள் சுக்கானையும் சிறகின் மடல்களையும் அசைக்கும். கண்ணும் மனமும் தரையில் இருக்கின்றன. கையும் காலும் வானில் இருக்கின்றன. இரண்டிற்கும் இடையே பாலமாக நிற்பது அச்செவி ஒன்றே.

குட் இரட்டையர்க்குப் பொருத்தம் என்னும் கவலை பெரிதாக இருந்திருக்க இயலாது. பேசும் கருவியும் கேட்கும் கருவியும் ஒரு வீட்டிலேயே பிறந்தவை. ஆனால் இன்று இக்கருவிகளைத் தாமே செய்துகொள்வோர் மிகச் சிலர். கடையில் அனுப்பி ஒன்று, நண்பரிடம் ஏற்பி ஒன்று, பழைய பெட்டியில் சர்வோ நான்கு என்று திரட்டிக்கொள்வதே வழக்கம். இவை ஒன்றோடொன்று பேசுமா என்னும் வினா அங்கேதான் பிறக்கிறது.

அதே மிச்சிகனில் வாழும் இளைஞன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். அந்நாட்டுப் பனிக்காலம் நீண்டது. வெளியிற் செல்ல இயலாத அம்மாதங்களில் அவன் பால்சா என்னும் மெல்லிய மரத்தைச் சீவியும் ஒட்டியும், மெல்லிய உறை போர்த்தும், அழகிய ஊர்தி ஒன்றைக் கட்டி முடித்துவிட்டான். சிறகு வைத்தாயிற்று, மின்பொறி பூட்டியாயிற்று. அனுப்பியும் கையில் இருக்கிறது. ஏற்பி ஒன்றுதான் குறை. பக்கத்து வீட்டு முதியவர் பல ஆண்டுகள் ஊர்தி பறக்கவிட்டவர். அவர் தம் மேசை இழுப்பறையைத் திறந்து மூன்று ஏற்பிகளை எடுத்து அவன்முன் வைத்தார். "எது வேண்டும் என்று நீயே சொல், தம்பி," என்றார்.

முதலாவதிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பி தொங்கிற்று. அக்கம்பி பழங்காலத்தின் அடையாளம். அமெரிக்காவில் வானூர்திகளுக்கென 72 மெகாஹெர்ட்ஸ் அலைப்பகுதி ஒதுக்கப்பட்டு, 11 முதல் 60 வரை எண்ணிட்ட ஐம்பது தடங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. அவ்வலையின் நீளம் நான்கு மீட்டருக்குச் சற்று மிகுதி. அதில் காற்பங்கே அக்கம்பியின் நீளம். அனுப்பியில் ஒரு படிகமும், அதே தடத்திற்குரிய படிகம் ஏற்பியில் ஒன்றும் பொருத்துவர். தடம் ஒன்றாயிருந்தால் மட்டும் போதாது. ஒரே தடத்தில் ஒலித்தாலும், ஃபுட்டாபா கருவிகள் அலையை ஒரு பக்கமாகவும் ஜே.ஆர். கருவிகள் மறுபக்கமாகவும் பெயர்த்துப் பேசின. ஆதலின் ஒன்றின் சொல் மற்றொன்றிற்கு விளங்கவில்லை.

அக்காலத்துப் பறப்புக் களங்களில் ஒரு பலகை தொங்கும். அதில் தட எண் பொறித்த கவ்விகள் இருக்கும். துணி உலர்த்தும் கொடியில் மாட்டும் கவ்விகள்தாம் அவை. தமக்குரிய எண்ணின் கவ்வியைக் கையில் எடுத்தவர் மட்டுமே அனுப்பியை இயக்கலாம். மறந்துபோய் ஒருவர் தம் அனுப்பியின் விசையைத் தட்டிவிட்டால், அதே தடத்தில் வானில் பறந்துகொண்டிருக்கும் அயலார் ஊர்தி செவி குழம்பித் தரையில் மோதும். பிழை ஒருவருடையது, இழப்பு மற்றொருவருடையது. இருபத்தைந்து காசு பெறாத கவ்வி ஒன்று எத்தனையோ ஊர்திகளைக் காத்தது என்று முதியவர் அடிக்கடி சொல்லுவார்.

இளைஞனின் அனுப்பி புதியது; 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பேசுவது. எனவே கம்பி தொங்கும் ஏற்பியை அவன் ஒதுக்கினான். அஃது எளிய தேர்வு.

இரண்டாவது ஏற்பி சிறியது; பளபளப்பானது; 2.4 என்று அதன்மேல் எழுதியும் இருந்தது. இளைஞன் அதனை ஆர்வத்தோடு எடுத்தான். முதியவர் தலையசைத்தார். அலைப்பகுதி ஒன்றாயிருத்தல் ஓலை ஒன்றாயிருத்தல் போன்றது. ஓலையும் ஒன்று, எழுத்தாணியும் ஒன்று. ஆயினும் கிரந்த எழுத்தில் எழுதிய ஓலையைத் தமிழெழுத்து மட்டும் அறிந்தவன் கையில் கொடுத்தால், அவன் கோடுகளைக் காண்பானேயன்றிச் சொற்களைக் காணான். புதிய கருவிகள் ஒரே தடத்தில் நில்லாமல், நொடிக்குப் பலமுறை தடம் விட்டுத் தடம் தாவிப் பேசுகின்றன. எந்த வரிசையில் தாவுவது, செய்தியை எவ்வாறு அடுக்குவது என்பதை ஒவ்வோர் உற்பத்தியாளரும் தத்தம் விருப்பப்படி வகுத்துக்கொண்டனர். ஸ்பெக்ட்ரம் கருவியின் மொழி டி.எஸ்.எம்.எக்ஸ்.; ஃபுட்டாபாவின் மொழிகளுள் ஒன்று ஃபாஸ்ட்; ஃபிரஸ்கையின் மொழிகளுள் ஒன்று ஆக்சஸ். களத்தில் இருபது பேர் ஒரே நேரத்தில் இடையூறின்றிப் பறக்கவிட முடிவது இத்தாவலின் நன்மை. கவ்விப் பலகைக்கு அங்கு வேலை இல்லாமற் போயிற்று. ஆனால் ஒருவர் ஏற்பியை மற்றொருவர் இரவல் வாங்க இயலாமற் போனதும் அதனாலேயே.

மூன்றாவது ஏற்பியில் அவன் அனுப்பியைச் செய்த அதே உற்பத்தியாளரின் பெயர் இருந்தது. "இதுதான், ஐயா," என்றான் இளைஞன். முதியவர் அனுப்பியின் கையேட்டைக் கொண்டுவரச் சொன்னார். ஏமாறுவோர் மிகுதியாக ஏமாறுவது இவ்விடத்தில்தான். ஒரு வீட்டாரே காலந்தோறும் மொழியை மாற்றிக்கொள்கின்றனர். ஃபாஸ்ட் மொழியில் கேட்கும் ஃபுட்டாபா ஏற்பி, எஸ்.எஃப்.எச்.எஸ்.எஸ். மொழியில் மட்டும் பேசும் ஃபுட்டாபா அனுப்பிக்குச் செவிடு. ஐரோப்பிய நாடுகளின் விதிக்கு ஏற்ற மென்பொருள் ஏற்றிய ஃபிரஸ்கை ஏற்பி, பிறநாடுகளுக்கான மென்பொருள் ஏற்றிய ஃபிரஸ்கை அனுப்பியோடு இணைய மறுப்பதும் உண்டு. பல உற்பத்தியாளர் பொதுவாகக் கைக்கொண்ட எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ். என்னும் முறையிலும், அனுப்பியில் இரண்டாம் பதிப்பு மென்பொருளும் ஏற்பியில் மூன்றாம் பதிப்பும் இருந்தால் உறவு கூடாது. பெட்டியின்மேல் உள்ள பெயர் குலத்தைச் சொல்லும்; மொழியைச் சொல்லாது. கையேட்டில் அச்சிட்ட மொழிப்பெயரும் ஏற்பியின் முதுகில் அச்சிட்ட மொழிப்பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும். மூன்றாம் ஏற்பியில் அவை ஒக்கவில்லை. மூன்றும் இழுப்பறைக்கே திரும்பின.

புதிதாக ஒன்று வாங்குவதென்று முடிவாயிற்று. மொழி பொருந்தும் ஏற்பிகளே ஐந்தாறு இருந்தன. விலை குறைந்தது ஒன்றின் எடை மிகக் குறைவு. ஆயினும் அது கூடத்திலும் சிறு பூங்காவிலும் பறக்கும் சிற்றூர்திக்கென்றே செய்யப்பட்டது. அதன் செவி நெடுந்தொலைவு எட்டாது. பனிக்காலம் முழுதும் உழைத்துக் கட்டிய ஊர்தியைச் சில காசு மிச்சத்திற்காக அதனிடம் ஒப்படைப்பது பேதைமை. அடுத்து, எத்தனை ஆணைகள் வேண்டும் என்று எண்ணினான். சிறகு மடலுக்கு ஒன்று, ஏற்ற இறக்கத்திற்கு ஒன்று, சுக்கானுக்கு ஒன்று, மின்பொறியின் விரைவிற்கு ஒன்று ஆக நான்கு. இரு சிறகு மடல்களையும் தனித்தனியே இயக்க விரும்பினால் ஐந்து. ஆறு வழிகள் உடைய ஏற்பி ஒன்றை வாங்கினான்.

ஏற்பியை முதன்முதல் அனுப்பியோடு இணைக்கும் சடங்கிற்கு 'பைண்டிங்' என்று பெயர். ஏற்பியின் சிறு பொத்தானை அழுத்தியவாறு மின்சாரம் கொடுத்தால் அதன் விளக்கு மின்னி மின்னி நிற்கும். அப்போது அனுப்பி தனக்கே உரிய அடையாள எண்ணைச் சொல்லும். ஏற்பி அதனை மனத்திற் பதித்துக்கொள்ளும். அதன்பின் ஆயிரம் அனுப்பிகள் அதே மொழியில் பேசினாலும் அது தன் தலைவன் குரலுக்கே செவி சாய்க்கும். விளக்கு நிலைத்து எரிந்தது. இளைஞன் கோலை அசைத்தான், சுக்கான் அசைந்தது. அவன் முகம் மலர்ந்தது.

"மேசைமேல் கேட்டுவிட்டது. வானத்தில் கேட்குமா?" என்றார் முதியவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் களத்திற்குச் சென்றனர். அனுப்பியின் ஆற்றலை வேண்டுமென்றே மிகக் குறைத்துப் பேசவைக்கும் ஓர் அமைப்பு அதிலேயே உண்டு. அந்நிலையில் முப்பது தப்படி விலகி நின்றும் ஊர்தி தவறாமல் ஆணை கேட்குமானால், முழு ஆற்றலில் வானத்தில் கேட்கும் என்று நம்பலாம். முதியவர் ஊர்தியைப் பிடித்துக்கொண்டார். இளைஞன் எண்ணிக்கொண்டே பின்னோக்கி நடந்தான். பத்தில் குறையில்லை. பதினைந்திலும் குறையில்லை. இருபதாம் தப்படியில் சுக்கான் துடித்தது. பின்பு அசையாமல் நின்றுவிட்டது.

களத்தின் ஓரத்தில் குழந்தைகள் சிலர் புல்லில் அமர்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தனர். அன்று பறக்கவிட்டிருந்தால், சுழலும் விசிறியோடு ஊர்தி எத்திசையில் சென்றிருக்கும் என்று ஒருவராலும் கூற இயலாது. இளைஞன் ஒன்றும் பேசவில்லை. ஊர்தியைத் திறந்து பார்த்தனர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சிறியது. ஏற்பியின் கம்பியில் உறையின்றி வெளிப்பட்டிருக்கும் நுனி 31 மில்லிமீட்டரே. அத்தகைய நுனிகள் இரண்டு. ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்றல் வேண்டும். ஊர்தி எப்பக்கம் சாய்ந்தாலும் இரண்டில் ஒன்றேனும் கேட்கும் என்பது அவ்வமைப்பின் கருத்து. இளைஞனோ இரண்டையும் சேர்த்து, சிறகைத் தாங்கும் கரிநார்க் குழலோடு ஒட்டி வைத்திருந்தான். பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. கரிநார் மின்சாரம் கடத்தும் பொருள், அலையை மறைத்துவிடும். நல்ல செவியைத் தேடி வாங்கியவன் அதனைக் கையால் பொத்தி வைத்திருந்தான்.

அன்று ஊர்தி பறவாமலே வீடு திரும்பிற்று. அவ்வாரம் நுனிகளைக் குழலினின்று விலக்கி, ஒன்றை நெடுக்காகவும் மற்றொன்றைக் குறுக்காகவும் நிறுத்தினான். சர்வோக்கள் ஒருங்கே உழைக்கும்போது மின்கல அழுத்தம் தாழ்ந்தால் ஏற்பி கணநேரம் மயங்கிவிடும் என்று முதியவர் சொல்லவே, எல்லாக் கோல்களையும் ஒருசேர அசைத்து அதனையும் சோதித்தான். இறுதியாக விசிறியைக் கழற்றி வைத்துவிட்டு அனுப்பியை அணைத்தான். அனுப்பியின் குரல் நின்றதும், முன்பே கற்பித்திருந்தவாறு, ஏற்பி மின்பொறியை நிறுத்திற்று.

அடுத்த ஞாயிறு காற்று அடங்கியிருந்தது. முப்பது தப்படியிலும் சுக்கான் சொன்னபடி கேட்டது, நாற்பதிலும் கேட்டது. இளைஞன் முழு ஆற்றலுக்கு மாற்றிவிட்டு ஊர்தியைப் புல்தரையில் ஓடவிட்டான். அது தரைவிட்டு எழுந்து, மரங்களுக்கு மேலேறி, கரும்புள்ளியாகச் சிறுத்தது. முதியவர் நெற்றியில் கைவைத்து நோக்கி நின்றார். இளைஞன் கோலைச் சற்றே வலப்பக்கம் தள்ளினான். தொலைவில் அப்புள்ளி சாய்ந்து வலப்பக்கம் திரும்பிற்று.