புற்றில்லாத பாம்பு

திருப்பதியில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் சித்தூர்க்காரர் ஒருவரின் வாடகை அறைக்கு 2024 ஆகஸ்டில் ஒரு பந்து மலைப்பாம்பு வந்து சேர்ந்தது. மேற்படிப்புக்காக வெளிநாடு சென்ற நண்பர் ஒப்படைத்துவிட்டுப் போனது. மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இவ்வினம் நஞ்சற்றது. வளர்ந்தால் மூன்று முதல் ஐந்தடி நீளம் இருக்கும். அச்சம் கொண்டால் கடிக்க முனையாது. தலையை உடலுக்குள் மறைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும். பெயருக்குக் காரணம் அதுவே.

நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அயல்நாட்டு இனங்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்பது அச்சட்டத்தில் 2022இல் செய்யப்பட்ட திருத்தத்தாலும், அதையொட்டி 2024இல் வந்த விதிகளாலும் கட்டாயமாயிற்று. நண்பர் தாள்களையெல்லாம் ஒழுங்காகவே வைத்திருந்தார். கண்ணாடித் தொட்டி, சூட்டுப் பாய், எடைத்தராசு, ஒரு குறிப்பேடு எனக் கூடவே வந்தவை பல. குறிப்பேட்டின் கடைசிப் பதிவு: “எலி ஒன்று. உடனே எடுத்துக்கொண்டது.”

புதிய அறையில் அது எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் இரண்டு வாரங்கள் ஆய்வாளர் கவலைப்படவில்லை. இடம் மாறிய பாம்பு சில நாள் உண்ணாதிருப்பது வழக்கம். மூன்றாம் வாரம் வைத்த எலியும் மறுநாள் காலையில் அப்படியே கிடந்தது. செப்டம்பர் முடிந்தது. கண்கள் பால்படர்ந்ததுபோல் மங்கின. சட்டை உரிக்கப்போகிறது, அதனால்தான் உண்ணவில்லை என்று ஆறுதல் கொண்டார். சட்டை முழுதாக உரிந்தது. உணவு மட்டும் இறங்கவில்லை. அக்டோபரும் கழிந்தது.

அவர் விலங்கியல் துறையைச் சேர்ந்தவர்தாம். ஆனால் அவருடைய ஆய்வு நன்னீர் மீன்களைப் பற்றியது. ஆகவே தெரியாத துறையில் நுழையும் எந்த ஆய்வு மாணவரையும் போல அவர் செய்தது ஒன்றே: கட்டுரைகளைத் தேடிப் படித்தார். பாம்பு உண்ண மறுப்பதற்கான காரணங்களின் பட்டியல் நீண்டது. வெப்பம் குறைந்தால் இரைப்பையில் உணவு செரிக்காது. ஆகவே குளிர்ந்த பாம்பு உண்ணாது. சட்டை உரிக்கும் காலத்தில் உண்ணாது. இனச்சேர்க்கைப் பருவத்தில் ஆண்கள் மாதக்கணக்கில் உண்ணமாட்டா. வாய்ப்புண், நுரையீரல் தொற்று, உண்ணிகள் இவற்றாலும் உண்ணாது. பிடிக்காத இரையைத் தொடாது. இவை எதுவுமின்றி வெறும் அச்சத்தாலும் உண்ணாது.

கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். ஈறுகள் தூய்மையாக இருந்தன. மூச்சில் இரைச்சல் இல்லை. செதில்களின் இடுக்கில் உண்ணிகள் இல்லை. “தண்ணீர் வைத்திருங்கள், வாரம் ஒருமுறை எடை பாருங்கள், பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வாருங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எடை மிக மெதுவாகவே குறைந்தது. அதற்கான விளக்கமும் கட்டுரைகளில் இருந்தது. மார்ஷல் மெக்கியூ என்பவர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பந்து மலைப்பாம்பு உட்பட மூன்று இனப் பாம்புகள் ஏறத்தாழ ஆறு மாதம் உணவின்றி வைக்கப்பட்டன. அவற்றுள் சில தம் வளர்சிதை மாற்ற வேகத்தை 72 விழுக்காடு வரை தாழ்த்திக்கொண்டன. பட்டினியிலும் நீளத்தில் வளர்ந்தன. பர்மிய மலைப்பாம்பைப் பற்றிய ஆய்வுகள் இதன் மறுபக்கத்தைக் காட்டின. இரை விழுங்கிய இரண்டு நாளுக்குள் அதன் இதயம் 40 விழுக்காடு பெருக்கிறது. குடலும் கல்லீரலும் பருக்கின்றன. செரித்து முடிந்ததும் அனைத்தும் மீண்டும் சுருங்குகின்றன. பட்டினி பாம்புக்கு விபத்தன்று; அதன் உடல் அதற்கெனவே அமைந்தது.

படித்தது அறிவுக்கு எட்டியது; கைகளுக்கு எட்டவில்லை. நாள்தோறும் தொட்டியைத் திறந்து பார்ப்பார். முதுகெலும்பு துருத்துகிறதா என்று விரலால் தடவுவார். எலியை இடுக்கியில் பிடித்து அதன் முகத்தருகே ஆட்டுவார். பாம்பு தலையை உள்ளே இழுத்துச் சுருண்டுகொள்ளும். பார்க்க வரும் துறை நண்பர்கள் ஆளுக்கொரு முறை கையில் வாங்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள். வாயைப் பிளந்து இரையைத் தொண்டைக்குள் தள்ளிவிடும் முறை ஒன்று உண்டு என்று அறிந்தபோது, அதற்கான காணொளிகளை நள்ளிரவு வரை பார்த்தார். அம்முறை கடைசி வழி, பழகாத கை செய்தால் உணவுக்குழாய் கிழியும், அஞ்சிய பாம்பு உண்டதையும் கக்கிவிடும் என்று ஒவ்வொன்றிலும் எச்சரிக்கை இருந்தது. இருந்தும் ஒரு நாள் குறித்துவைத்தார்.

அந்த நாளுக்கு முன் நாகுல சவிதி வந்தது. தீபாவளியை அடுத்த வளர்பிறைச் சதுர்த்தியில் ஆந்திரத்து மக்கள் புற்றுக்குப் பாலும் முட்டையும் இடும் நோன்பு அது. 2024இல் நவம்பர் 5ஆம் நாள் வந்தது. சித்தூரில் தமிழ் பேசும் குடும்பங்கள் பலவற்றிலும் இவ்வழக்கம் உண்டு. அவர் ஊருக்குப் போயிருந்தார். தாயார் ஈரப் புடவையுடன் புற்றடியிலிருந்து திரும்பினார்.

“உன் ரூம்ல இருக்கே, அது ஏதாச்சும் தின்னுச்சாடா?”

“இல்லம்மா. மூணு மாசம் ஆகப்போகுது.”

“பாவம், வாயில்லா ஜீவன். கொஞ்சம் பாலாச்சும் வச்சுப் பாரேன்.”

பால் பாம்பின் உணவன்று என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். பாம்பாட்டிகள் பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்த பாம்பே திருவிழாவன்று பாலைக் குடிக்கிறது. தாகத்தில் எதையும் குடிக்கும். அந்தப் பால் அதற்குச் செரிக்காது. மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் கெட்டு இறக்கும். நச்சுப்பல் பிடுங்கப்பட்டும் வாய் தைக்கப்பட்டும் மீட்கப்படும் நாகங்களைப் பற்றியும் சொன்னார். தாயார் முழுவதும் கேட்டார், மறுக்கவில்லை.

“சரி, பால் வேணாம். அது எங்க இருக்கு?”

“கண்ணாடித் தொட்டியில.”

“சுத்தியும் கண்ணாடியா? நாலு பேரு பாக்க, வெளிச்சத்துல உக்காந்து அது எப்படிடா சாப்பிடும்? புத்துல்ல அதுக்கு வீடு.”

அவரிடம் மறுமொழி இல்லை. பந்து மலைப்பாம்பு காட்டில் பகற்பொழுதை எலிவளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கழிக்கிறது என்பதை அவரே படித்திருந்தார். படித்ததைத் தொட்டியோடு பொருத்திப் பார்க்கவில்லை. தொட்டியில் மறைவிடம் என்று இருந்தது அலங்காரத்துக்கான ஒரு மரத்துண்டு. பாம்பின் பாதி உடல் எப்போதும் அதற்கு வெளியே கிடந்தது.

முதுகலை படித்தபோது சென்ற கல்விச் சுற்றுலா அப்போது அவர் நினைவுக்கு வந்தது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கிவருகிறது. பாம்புத் தோல் வணிகம் தடை செய்யப்பட்டபின், ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில், இருளர்களின் வாழ்வாதாரத்துக்காக எழுந்த சங்கம் அது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்து, நச்சுமுறி மருந்து தயாரிப்போருக்குத் தருகிறார்கள். பிறகு பாம்புகளைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அதுவரை அவற்றை வைத்திருப்பது வாயைத் துணியால் கட்டிய மண்பானைகளில். வரிசை வரிசையாகப் பானைகள். உள்ளே இருள், குளிர்ச்சி, உடலை நாற்புறமும் தொடும் சுவர். அன்று மாணவர்கள் நஞ்செடுப்பதையே படம் எடுத்தார்கள். பானையை ஒருவரும் எடுக்கவில்லை.

திருப்பதிக்குத் திரும்பும் வழியில் இரண்டு மண்சட்டிகள் வாங்கினார். பாம்பு நுழையும் அளவுக்கு விளிம்பை உடைத்து, கூர் போகத் தேய்த்து, ஒன்றைச் சூடான பக்கத்திலும் மற்றதைக் குளிர்ந்த பக்கத்திலும் கவிழ்த்துவைத்தார். தொட்டியின் மூன்று பக்கங்களில் செய்தித்தாள் ஒட்டினார். வெப்பமானி கண்ணாடிச் சுவரின் உயரத்தில் இருப்பதையும் அப்போதுதான் கண்டார். பாம்பு படுப்பது தரையில். தரையில் வைத்து அளந்தபோது, 32 பாகை இருக்க வேண்டிய இடத்தில் 27 மட்டுமே இருந்தது. அதைச் சரிசெய்தார். குறித்துவைத்த நாளை அடித்தார். நண்பர்களிடம் இனி வர வேண்டாம் என்று சொன்னார்.

மிகக் கடினமானது அதற்குப் பிறகு வந்தது: ஒன்றும் செய்யாதிருத்தல். தண்ணீர் மாற்றவும் எடை பார்க்கவும் தவிரத் தொட்டியைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தார். நவம்பர் கழிந்தது, டிசம்பர் கழிந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கொன்று வெதுவெதுப்பாக்கிய எலியை இரவில் சட்டியின் வாயிலில் வைத்துவிட்டு விளக்கை அணைப்பார். உயிருள்ள எலியை விட்டுவைத்தால் அது பாம்பைக் கடித்துவிடும். காலையில் எலி அங்கேயே இருக்கும். எடை பத்தில் ஒரு பங்கு என்ற கோட்டை நோக்கி நகர்ந்தது. இறந்துபோனால் நண்பருக்கு என்ன சொல்வது என்ற எண்ணத்தோடு பல இரவுகள் கழிந்தன.

அந்த இரவுகளில்தான் இப்பாம்பு எங்கிருந்து வந்தது என்ற வினாவும் எழுந்தது. டோகோ, பெனின், கானா நாடுகளின் வயல்களில் சினைப்பட்ட பாம்புகளைத் தோண்டியெடுத்து, முட்டை பொரித்த குஞ்சுகளை ஏற்றுமதி செய்யும் வணிகம் பல்லாண்டு நடந்துவருகிறது. பயணிகளின் பெட்டிகளில் துணிப்பையில் கட்டிய பந்து மலைப்பாம்புகள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டுள்ளன. தாள்கள் ஒழுங்காக இருக்கலாம். அத்தாள்கள் அதன் உரிமையாளரைச் சொல்லின. எந்தப் புற்றிலிருந்து அதன் வழி தொடங்கியது என்று சொல்லவில்லை.

ஜனவரி இறுதியில் ஒரு காலை, சட்டியின் வாயிலில் எலி இல்லை. மூலைகளில் தேடினார், அங்கும் இல்லை. சட்டியைத் தூக்கிப் பார்க்கக் கை நீண்டது, நிறுத்திக்கொண்டார். உண்ட பாம்பை இரண்டு மூன்று நாள் தொடலாகாது.

தாயாரை அழைத்துச் சொன்னார். “தின்னுச்சா? நல்லது. சும்மா சும்மா தூக்கிப் பாக்காத” என்றார் அவர்.

குறிப்பேட்டில் நண்பரின் கடைசிப் பதிவுக்குக் கீழே அன்று எழுதப்பட்டது: “எலி ஒன்று. இரவில் எடுத்துக்கொண்டது. பார்க்கவில்லை.”