தொழில் ஒன்று, குலம் வேறு

சிலந்தியை வேட்டையாடும் பூச்சிகளையெல்லாம் குளவி என்னும் ஒரு சொல்லால் நாம் குறித்துவிடுகிறோம். தொழில் ஒன்றாயினும் அவை ஒரு குலத்தன அல்ல.

திண்டுக்கல் வீட்டுச் சுவர்களில் மண்கூடு கட்டும் குளவியை யாவரும் அறிவர். கிணற்றடிச் சேற்றை உருட்டி வந்து அறை சமைக்கும். கொட்டி மயக்கிய சிலந்திகளைப் பல அதில் அடைக்கும். ஒரு முட்டையிட்டு வாயை மூடும். கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று கூறிப் பிரம்பை உயர்த்தும் ஆசிரியர்கள் ஒரு கூட்டை உடைத்துப் பார்ப்பது நலம். கொட்டுண்டது அங்கே குளவியாவதில்லை. குளவியின் மகவுக்கு உணவாகிறது! இவ்வினத்துள் ஒன்றுக்கு 1781-இல் டென்மார்க் அறிஞர் ஃபாப்ரிசியஸ் இட்ட பெயரில் நம் மதராஸ்பட்டணமே நிலைத்திருக்கிறது.

வயல்வெளியில் சிறகு துடிக்கத் தரையில் ஓடித்திரியும் நீள்கால் குளவி மற்றொன்று, பாம்பிலிடே குடும்பத்தது. ஒரு மகவுக்கு ஒரு சிலந்தி என்பது அதன் வழக்கம். அக்குடும்பத்திலும் மண்ணறை கட்டுவோர் சிலர் உளர். இரையும் கொடுக்கும் மண்வேலையும் ஒத்திருக்கக் கண்டால் உடன்பிறப்பு என்றே எவரும் சொல்வர்.

2013, 2017 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மரபணு ஆய்வுகள் வேறு கூறுகின்றன. மண்கூட்டுக் குளவிக்கு நெருங்கிய உறவு தேனீயே. வேட்டையைக் கைவிட்டு மகரந்தத்தை நாடிய குளவிக் கிளையன்றோ தேனீ! பாம்பிலிடேயோ தொலைவிலுள்ள வேறொரு கிளை. சிலந்தி வேட்டை இரு கிளைகளிலும் தனித்தனியே தோன்றியது. மென்மையும் ஊட்டமும் மிக்க இரை ஒன்று. அதை உயிரோடு கெடாது வைக்கும் தேவையும் ஒன்று. ஆதலின் வழியும் ஒன்றாயிற்று. இதனைக் குவி பரிணாமம் என்பர்.

மத்ரஸாவில் ஓதிய நாளில் நாம் புரட்டிய கித்தாபுகளுள் அத்தமீரீயின் 'ஹயாத்துல் ஹயவான்' ஒன்று. 14-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் எழுந்த அந்நூல் உயிர்களை எழுத்து வரிசையில் வைப்பது. ஸுன்பூர் என்னும் குளவி ஓரிடத்தில். நஹ்ல் என்னும் தேனீ நெடுந்தொலைவில், நூன் எழுத்தில். தேடுவோர்க்கு எளிது; உறவைக் காட்டுதல் அதன் நோக்கமன்று.

உறவு காண உள்ளமைப்பை நோக்கவேண்டும். நம்மூர்ப் பூட்டுகள் இரண்டு வெளித்தோற்றத்தில் ஒத்திருப்பினும், திறந்து லீவரைப் பார்க்காமல் தொழிலாளி ஒன்றும் சொல்லமாட்டார். பாம்பிலிடேயின் மார்புப் பக்கத்தில் குறுக்கே நேரான பள்ளம் ஒன்று ஓடும்; மண்கூட்டுக் குளவிக்கு அஃதில்லை, நூல்போன்ற இடையே உண்டு. உருப்பெருக்காடி ஒன்றிருந்தால் மாணாக்கரே இதைக் காணலாம், செத்த குளவியாயின்.