அண்ணாந்து குடித்த தண்ணீர்

நைட் ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ் ஒரகடம் கூட்டு ரோட்டில் இறக்கிவிடும். நேரே பொட்டிக்கடை. குடத்தின் மேல் கவிழ்த்திருக்கும் எவர்சில்வர் சொம்பை எடுத்து, மொண்டு, அண்ணாந்து ஊற்றினால் தண்ணீர் மடக்மடக்கென்று தானாக இறங்கும். தொண்டை என்று ஒன்று இருப்பதே தெரியாது.

அப்புறம் அடிநாக்கில் புற்று. காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனையில் கரன்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள். திங்கள் முதல் வெள்ளி, 7 வாரம், 35 தடவை. வாலாஜாபாத் வழியாகப் பஸ். மருத்துவமனைக்குப் பேரான அந்த அண்ணாவுக்கும் புற்றுதான், உணவுக்குழாயில். 1968-இல் நியூயார்க்கில் ஆபரேஷன். 1969 பிப்ரவரி 3-இல் கண்ணை மூடினார். ஊரையே பேச்சால் கட்டிப்போட்ட தொண்டை அது என்று வரிசையில் உட்கார்ந்து நினைத்துக்கொள்வேன்.

கட்டி கரைந்தது. கூடவே எச்சிலும் வற்றியது, தொண்டைத் தசையும் விறைத்தது. மூக்கு டியூபை எடுத்த பிறகு விழுங்கப் பழக்கிய மேடம் சொன்னதை முதலில் நான் நம்பவில்லை: எனக்குக் கூழைவிடத் தண்ணீர்தான் ஆபத்தாம். கூழ் மெதுவாக நகரும், மூச்சுக்குழாய் மூடிக்கொள்ள அவகாசம் உண்டு. தண்ணீர் அது மூடுமுன்பே ஓடி மூச்சுக்குழாய்க்குள் விழுந்துவிடும். சிலருக்கு இருமல்கூட வராது; நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் அடித்த பிறகுதான் தெரியுமாம்.

எனக்குச் சொன்ன வழி இது: ஒரு ஸ்பூன் வாயில் வைத்து, முகவாயை நெஞ்சுப் பக்கம் இறக்கி, மூச்சைப் பிடித்து அழுத்தி விழுங்க வேண்டும், உடனே ஒரு செருமல். ஆளுக்கு ஆள் மாறும், பார்த்துத்தான் சொல்வார்கள். அண்ணாந்து குடிப்பது மட்டும் எனக்குக் கூடவே கூடாது.

நாற்பது வருஷப் பழக்கம்! சின்ன வயசில் சொம்பில் வாய் வைத்தால் அம்மா மண்டையில் குட்டுவாள், "எச்சப் பண்ணாதடா" என்று. இப்போது மனைவி எதிரில் உட்கார்ந்து, "குனிங்க, இன்னும் கொஞ்சம் குனிங்க" என்கிறாள். லைனில் 10 நிமிஷ டீ பிரேக்கில் வடையும் டீயும் முடித்து, பாக்கி நேரத்தில் அரட்டையும் அடித்தவன் நான். ஒரு டம்ளர் கஞ்சிக்கு முக்கால் மணி ஆகிறது.

சாயங்காலம் பையன் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்தான். சொம்பைத் தூக்கி அண்ணாந்தான். குரல்வளை ஏறி ஏறி இறங்கியது. எண்ணினேன், பதினொரு தடவை. மிச்சத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு போனான்.