கதவு எண் 9000: ஒரு பழைய சர்வரில் ஸ்டாக் எடுத்த கதை

பி.காம் படிக்கிறவனுக்கும் சர்வருக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஆடிட்டிங் பாடத்தில் ஸ்டாக் சரிபார்ப்பு என்று ஒன்று வரும். புத்தகத்தில் 400 மூட்டை என்று எழுதியிருந்தால் அதை அப்படியே நம்பக்கூடாது. குடோனுக்குப் போய் எண்ணிப் பார்க்கவேண்டும். பழைய சர்வரில் எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது என்று பார்ப்பதும் இதே வேலைதான். அதனால் எங்கள் பாடத்தை விட்டு நான் எங்கும் போய்விடவில்லை :)

போர்ட் என்றால் என்ன? கலெக்டர் ஆபீசுக்கு முகவரி ஒன்றுதான், ஆனால் பட்டாவுக்கு ஒரு அறை, பென்ஷனுக்கு ஒரு அறை. சர்வரும் அப்படித்தான். ஐபி முகவரி ஒன்று, அதற்குள் 65,535 வரை எண் போட்ட கதவுகள். 80, 443 என்றால் இணையதளம், 21 என்றால் எஃப்டிபி, 445 என்றால் விண்டோசின் ஃபைல் பகிர்வு, 3389 என்றால் தூரத்திலிருந்து திரையைப் பார்க்கும் ரிமோட் டெஸ்க்டாப். ஒரு கதவு திறந்திருக்கிறது என்றால் அதன் பின்னால் ஏதோ ஒரு புரோகிராம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

தர்மபுரியில் ஒரு புளி மண்டியில் மாலை நேரத்தில் டேலி என்ட்ரி போடப் போகிறேன். அங்கே மேசைக்கு அடியில் ஒரு சர்வர், விண்டோஸ் சர்வர் 2003. வைத்துக்கொடுத்தவர் எப்போதோ ஊரை விட்டுப் போய்விட்டார், காகிதத்தில் எதுவும் எழுதி வைக்கவில்லை. "ஓடுதில்ல தம்பி, விட்டுடு" என்பதுதான் முதலாளியின் கொள்கை. புது சர்வர் வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது, பழையதில் என்னென்ன ஓடுகிறது என்று பட்டியல் போட்டுத் தருகிறேன் என்றேன். சரி என்றார்.

அந்த "சரி" ரொம்ப முக்கியம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43 சொந்தக்காரர் அனுமதி இல்லாமல் ஒரு கணினிக்குள் நுழைவதைப் பற்றிப் பேசுகிறது. அதையே கெட்ட எண்ணத்தோடு செய்தால் பிரிவு 66: மூன்று வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். காலேஜ் சர்வரில் விளையாட்டாக முயற்சி செய்ய நினைக்கும் நண்பர்கள் கவனிக்க.

எண்ணுவதற்கு இரண்டு வழி. முதல் வழி, சர்வரின் முன்னால் உட்கார்ந்து பார்ப்பது. விண்டோசில் 'நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ' என்று அடித்தால் திறந்திருக்கும் போர்ட்டும், கடைசிப் பத்தியில் அந்தப் புரோகிராமின் எண்ணும் வரும். அந்த எண் யாருடையது என்பதை 'டாஸ்க்லிஸ்ட் /எஸ்விசி' சொல்லிவிடும். லினக்ஸ் என்றால் 'எஸ்எஸ் -டியுஎல்பிஎன்'. இதில் 127.0.0.1 என்று இருந்தால் அது வீட்டுக்குள் இருக்கும் கதவு, வெளியாள் தட்ட முடியாது. 0.0.0.0 என்று இருந்தால் தெருவாசல்.

இரண்டாவது வழி, வேறு கணினியிலிருந்து கதவைத் தட்டிப் பார்ப்பது. இதற்கு என்மேப் என்று ஒரு இலவச மென்பொருள். கோர்டன் லயன் என்பவர் 1997-ல் வெளியிட்டது, இன்றைக்கும் இதுதான் ராஜா. சும்மா ஓட்டினால் அதிகம் புழங்கும் 1000 போர்ட்களை மட்டும் பார்க்கும். எல்லாவற்றையும் பார்க்க '-பி-' சேர்க்கவேண்டும். ஆனால் கிழட்டு சர்வரை வேகமாகத் தட்டினால் படுத்துவிடவும் கூடும். பேக்கப் எடுத்துவிட்டு, கடை அடைத்த பிறகு, மெதுவாகச் செய்வது நல்லது.

இங்கேதான் ஒரு சுவாரஸ்யம். என்மேப் 9000-ஆம் போர்ட்டைக் காட்டி 'சிஎஸ்லிஸ்னர்' என்று பெயர் சொன்னது. அப்படி ஒன்று மண்டியில் எதற்கு? உள்ளே போய் எண்ணைப் பிடித்துப் பார்த்தால், அது நம்ம டேலி! டேலியின் வழக்கமான போர்ட் 9000. என்மேப் தன்னிடம் இருக்கும் அட்டவணையில் அந்த எண்ணுக்கு நேராக இருந்த பெயரை வாசித்திருக்கிறது, அவ்வளவுதான். மூட்டைமேல் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. '-எஸ்வி' போட்டால் என்மேப் பேச்சுக்கொடுத்து சரக்கைச் சோதிக்கப் பார்க்கும். ஆனாலும் உள்ளே போய் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நம்பகம்.

445 இருந்தது. பில் போடும் கணினிகளுக்கு அது வேண்டும். 3389 இருந்தது, முதலாளி வீட்டிலிருந்து கணக்குப் பார்ப்பதற்கு. 21-ஐப் பற்றிக் கேட்டால் மட்டும் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. திறந்து பார்த்தால் பாஸ்வேர்ட் இல்லாமல் யாரும் நுழையலாம்! உள்ளே பழைய டேலி பேக்கப்புகள். என் வீட்டு இணைப்பிலிருந்து தட்டிப் பார்த்தேன், அங்கிருந்தும் திறந்தது. ரவுட்டரிலும் யாரோ வழிவிட்டு வைத்திருக்கிறார்கள்.

அந்த பேக்கப்பில் என்ன இருக்கும் தெரியுமா? பென்னாகரம் பக்கத்து விவசாயி ஒருவர் பெண் கல்யாணத்துக்காக அறுவடைக்கு முன்பே வாங்கிய முன்பணம். போன வருடம் தீராமல் இந்த வருடத்துக்கு வந்த பாக்கி. அவரும் மண்டிக்காரரும் மட்டும் அறிந்த விஷயம் அது. பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லாததை உலகத்துக்கே திறந்து வைத்திருந்தோம்.

"நம்ம ஊர் மண்டியை எவன் வந்து பார்க்கப்போறான்?" என்பார்கள். 2017 மே 12 அன்று கிளம்பிய வான்னாக்ரை யாருடைய பெயரையும் பார்த்துப் போகவில்லை. 445 திறந்திருக்கிறதா, பேட்ச் போடவில்லையா, நுழை. அவ்வளவுதான். பக்கத்து ஆந்திராவில் காவல்துறைக் கணினிகள் மாட்டின. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. மைக்ரோசாஃப்ட் அதற்கான பேட்சை மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்திருந்தது. ஆனால் சர்வர் 2003-க்கு ஆதரவு 2015 ஜூலை 14-லேயே முடிந்துபோனதால், அதற்குப் பொதுவில் பேட்ச் வந்தது தாக்குதல் நடந்த பிறகுதான்.

நான் கொடுத்த பட்டியலில் நான்கு பத்திகள்: போர்ட் எண், புரோகிராம், யாருக்கு வேண்டும், எங்கிருந்து எட்டுகிறது. மூன்றாவது பத்தி காலியாக இருந்த 21 அன்றைக்கே மூடப்பட்டது. 3389-க்கு ரவுட்டரில் இருந்த வழியும் அடைபட்டது. முதலாளிக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் முன்பணக் கணக்கைக் காட்டியதும் மறுபேச்சு பேசவில்லை. 445 கடைக்குள் மட்டும். இதனால் அந்தச் சர்வர் பத்திரமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன், அதன் ஆயுள் முடிந்துவிட்டது. ஆனால் புது சர்வருக்கு எதைக் கொண்டுபோவது, எதை விட்டுவிடுவது என்பதற்கு இப்போது ஒரு கணக்கு இருக்கிறது.

மார்ச் மாதம் வந்தால் எல்லாக் கடையிலும் ஸ்டாக் எடுக்கிறோம். அதே நாளில் மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டியையும் ஒருமுறை எண்ணிவிட்டால் என்ன? ஒவ்வொரு திறந்த கதவுக்கும் "இது யாருக்கு வேணும்?" என்று கேளுங்கள். பதில் வராத கதவை மூடுங்கள். பி.காம் படித்தவனுக்கே இது முடிகிறது, உங்களுக்கு முடியாதா!